பண்ணை மீனின் வளர்ச்சியும் எதிர்ப்பாற்றலும்: குடல் பாக்டீரியாவுக்கு இதில் உண்மையான பங்கு எவ்வளவு?

#1 குளக்கரை

அனைவருக்கும் வணக்கம். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை இரண்டு தொட்டிகளில் சம எண்ணிக்கையில் விட்டு, ஒரே மூட்டைத் தீவனத்தை ஒரே வேளையில் போட்டு வளர்த்தாலும், ஒரு தொட்டி மீன் தளதளவென்று வளர்வதையும் மற்றொன்று பின்தங்குவதையும் மீன் வளர்ப்பில் இருக்கும் எல்லோரும் பார்த்திருப்போம். கரைந்த ஆக்சிஜன், அம்மோனியா, இருப்பு அடர்த்தி ஆகியவற்றில் காரணத்தைத் தேடுவதுதான் நமக்குப் பழக்கம். அண்மைக் காலமாகக் குடல் பாக்டீரியாவே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற பேச்சு பெருத்துவிட்டது. தீவனத்தில் கலக்கும் பொடி, நீரில் ஊற்றும் திரவம் என்று அந்தப் பேச்சைத் தொடர்ந்து சரக்குகளும் வந்துவிட்டன.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். நன்றாக வளர்ந்த மீனின் குடலில் ஒரு வகைப் பாக்டீரியாவும் மெலிந்த மீனின் குடலில் வேறு வகையும் இருக்கின்றன என்று காட்டுவது எளிது. ஆனால் பாக்டீரியா மாறியதால் மீன் மெலிந்ததா, மீன் மெலிந்ததால் பாக்டீரியா மாறியதா? இதைப் பிரித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று இருக்கிறதா? இருந்தால், பண்ணையில் இருப்பவர் அதை வைத்து என்ன செய்ய முடியும்? அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

#2 நுண்ணோக்கி

காரணத்தையும் விளைவையும் பிரிப்பதற்கு ஒரே நேர்மையான வழி, பாக்டீரியாவே இல்லாத மீனை வளர்த்து, பிறகு தேர்ந்த பாக்டீரியாவை அதற்குள் விட்டுப் பார்ப்பதுதான். அது வரிக்குதிரை மீனில் செய்யப்பட்டிருக்கிறது. அதன் முட்டை தாயின் உடலுக்கு வெளியே கருவுறுவதால், முட்டையின் மேற்பரப்பை அயோடின் கலவையாலும் குளோரினாலும் தூய்மை செய்து கிருமி நீக்கிய நீரில் பொரிக்க வைத்தால், குடலில் ஒரு பாக்டீரியாகூட இல்லாத குஞ்சு கிடைக்கிறது. குஞ்சின் உடல் கண்ணாடி போல் ஊடுருவித் தெரிவது கூடுதல் வசதி.

2004-இல் வெளியான முதல் பெரிய ஆய்வில், இப்படி வளர்ந்த குஞ்சுகளையும் பாக்டீரியா குடியேறிய குஞ்சுகளையும் ஒப்பிட்டபோது, பாக்டீரியாவின் இருப்பால் 212 மரபணுக்களின் செயல்பாடு மாறியிருப்பது தெரியவந்தது. அவற்றுள் 59 மரபணுக்கள் எலியின் குடலிலும் அதேபோல் பாக்டீரியாவுக்கு மறுமொழி தருபவை. குடலின் உட்படலச் செல்கள் புதுப்பிக்கப்படும் வேகம், சத்துகளைக் கையாளுதல், பிறவி எதிர்ப்பாற்றல் ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தன. மீனும் பாலூட்டியும் பிரிந்து நாற்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த ஏற்பாடு கலையாமல் இருப்பது சாதாரணச் செய்தி அல்ல.

வளர்ச்சியைப் பொறுத்தவரை, 2012-இல் வந்த கொழுப்பு உறிஞ்சல் ஆய்வையே நான் முதலில் சொல்வேன். ஒளிரும் குறியிட்ட கொழுப்பு அமிலத்தை உணவில் கலந்து கொடுத்து, குடல் செல்களுக்குள் கொழுப்புத் துளிகள் சேர்வதை உயிருள்ள குஞ்சிலேயே நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பாக்டீரியா உள்ள குஞ்சின் குடல் செல்களில் துளிகள் கூடுதலாகச் சேர்ந்தன. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: ஃபெர்மிக்யூட்ஸ் பிரிவைச் சேர்ந்த பாக்டீரியா துளிகளின் எண்ணிக்கையைக் கூட்டியது, வேறு சில வகைகள் துளிகளின் பருமனைக் கூட்டின. ஃபெர்மிக்யூட்ஸ் வளர்ந்த திரவத்தை வடிகட்டி, செல்களை நீக்கிவிட்டுக் கொடுத்தபோதும் விளைவு தெரிந்தது. ஆகவே அது வெளிவிடும் ஏதோ ஒரு பொருள்தான் வேலை செய்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: நன்றாகத் தின்ற குஞ்சுகளில் அந்தப் பாக்டீரியாவே பெருகியது. உணவு பாக்டீரியாவைக் கூட்டுகிறது, பாக்டீரியா உணவின் உறிஞ்சலைக் கூட்டுகிறது. நீங்கள் கேட்ட இரண்டு திசைகளும் ஒரே நேரத்தில் உண்மை என்பதே இதன் பொருள்.

2016-இல் இன்னொரு வியப்பு. ஏரோமோனாஸ் இனத்திலுள்ள சில பாக்டீரியாக்கள் சுரக்கும் ஒரு புரதம், குஞ்சின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் பெருகக் காரணமாகிறது என்று கண்டறிந்தார்கள். அந்தப் புரதத்தை மட்டும் கொடுத்தாலே, பாக்டீரியா இல்லாத குஞ்சிலும் பீட்டா செல்கள் இயல்பான அளவுக்கு வந்தன.

இவை எல்லாம் சில மில்லிமீட்டர் நீளமுள்ள குஞ்சுகளில் கண்டவை. ஒரு கிலோ எடையுள்ள விற்பனை மீனுக்கு இவற்றை அப்படியே பொருத்துவதற்கு நான் உடன்படமாட்டேன்.

#3 தீவனக்கூடம்

நுண்ணோக்கி ஐயா கடைசியில் சொன்ன எச்சரிக்கையிலிருந்தே தொடங்குகிறேன். தீவனத் துறையில் இருப்பவன் என்ற முறையில், இந்தப் பேச்சில் மிகையாகச் சொல்லப்படும் ஒன்றை முதலில் ஒதுக்கிவைக்க விரும்புகிறேன். பாக்டீரியா நார்ச்சத்தைச் செரித்து மீனுக்கு ஆற்றல் தருகிறது என்பது மாட்டின் இரைப்பையைப் பார்த்துப் பழகியவர்களின் எதிர்பார்ப்பு. மாட்டில் உணவு நாள் கணக்கில் தங்குகிறது. உடல் வெப்பநிலையும் நிலையாக இருக்கிறது. பண்ணை மீனின் குடலில் தீவனம் பெரும்பாலும் சில மணி நேரங்களிலேயே கடந்துவிடுகிறது. குடலின் வெப்பநிலையும் நீரின் வெப்பநிலையோடு ஏறி இறங்குகிறது. புல்லையே தின்று வளரும் புல்கெண்டைகூடத் தின்றதில் பெரும்பகுதியைச் செரிக்காமலே வெளியேற்றிவிட்டு, நிறையத் தின்பதன் மூலம் ஈடுகட்டுகிறது. கடற்பாசி மேயும் சில கடல் மீன்களின் பின்குடலில் உண்மையான நொதித்தல் நடக்கிறது. அந்த வகையைச் சேர்ந்த ஒரு மீனின் குடலில்தான் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரிய எபுலோபிசியம் என்ற பாக்டீரியா கண்டெடுக்கப்பட்டது. அது அரை மில்லிமீட்டருக்கு மேல் வளரக்கூடியது; அதன் பருமனைப் பார்த்து முதலில் அதை ஒற்றைச் செல் விலங்கு என்றே கருதினார்கள். ஆனால் நாம் வளர்க்கும் மீன்களில் பெரும்பாலானவை அந்த வகை அல்ல.

அப்படியானால் பாக்டீரியா தருவது என்ன? என் பார்வையில் மூன்று உண்டு. ஒன்று, அசிட்டேட், பியூட்டிரேட் போன்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள். ஆற்றல் என்ற கணக்கில் இவை சிறியவை. ஆனால் குடல் உட்படலத்தைப் பேணுவதிலும் வீக்கத்தைத் தணிப்பதிலும் இவற்றின் பங்கு பெரிது. இரண்டாவது, வைட்டமின்கள். மூன்றாவது நேரடியாகத் தருவது அன்று. தீவனம் குடலைப் புண்ணாக்கும்போது அந்தப் புண் ஆறுவதா பெருகுவதா என்பதில் பாக்டீரியாவுக்கு ஒரு கை இருக்கிறது.

இந்த மூன்றாவதற்குச் சோயா மாவே சரியான எடுத்துக்காட்டு. அட்லாண்டிக் சால்மனுக்கு மீன் மாவுக்குப் பதிலாகச் சோயா மாவைக் கணிசமாகச் சேர்த்தால், அதன் கடைக்குடலில் வீக்கம் வருகிறது. வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் தெளிவாகத் தெரியும்: நெடிதாக நிற்க வேண்டிய குடல் மடிப்புகள் குட்டையாகிவிடும், மடிப்பின் நடுவிலுள்ள இணைப்புத் திசு தடித்து வெள்ளணுக்கள் நிறைந்திருக்கும், உறிஞ்சும் செல்களின் உட்கருவுக்கு மேலே வழக்கமாகத் தெரியும் குமிழ்கள் காணாமல் போயிருக்கும். இதற்கு முதன்மைக் காரணம் சோயாவிலுள்ள சபோனின். மீன் மாவுத் தீவனத்துக்குத் திரும்பினால் சில வாரங்களில் குடல் மீள்கிறது. வீக்கம் வந்த குடலில் பாக்டீரியாவின் கலவையும் மாறியிருக்கிறது. ஆனால் இங்கே முதல் அடி கொடுத்தது தீவனம். பாக்டீரியா பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. இதை மறந்துவிட்டு, சோயா மிகுந்த தீவனத்தைத் தொடர்ந்து போட்டபடி, மேலே ஒரு பாக்டீரியாப் பொடியைத் தூவிக் குடலைச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

#4 குளக்கரை

வைட்டமின்கள் என்றீர்கள். எவை? தீவனத்தில் அவற்றைக் குறைத்துக்கொள்ளும் அளவுக்கு அது நம்பத்தகுந்ததா?

#5 தீவனக்கூடம்

பி12 ஒன்றைத் துணிந்து சொல்லலாம். நன்னீர் மீன்கள் பலவற்றின் குடலில் செட்டோபாக்டீரியம் என்ற இனம் மிகுதியாக வாழ்கிறது. கெண்டை, திலாப்பியா, வரிக்குதிரை மீன் எல்லாவற்றிலும் அதைக் காண்கிறார்கள். அது ஆக்சிஜன் இல்லாத சூழலில் வாழ்ந்து பி12 வைட்டமினை ஏராளமாக உற்பத்தி செய்கிறது. நைல் திலாப்பியாவுக்குத் தீவனத்தில் பி12 சேர்க்காமலே இயல்பான வளர்ச்சி கிடைக்கிறது என்பது 1980-களின் தொடக்கத்திலேயே காட்டப்பட்டுவிட்டது. ஆனால் அந்த வைட்டமினைக் கட்டுவதற்குப் பாக்டீரியாவுக்குக் கோபால்ட் வேண்டும். அது தீவனத்தில் இருக்க வேண்டும். மேலும், இது எல்லா மீனுக்கும் பொருந்தாது. சால்மன் குடலில் பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா என்ற வேறோர் இனம்தான் கோலோச்சுகிறது. எனவே ஒரு மீனில் கண்டதை மற்றதன் தீவனக் கணக்கில் நுழைக்க வேண்டாம். ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் காலத்தில் இந்த உற்பத்தியும் தடைபடும் என்பதால், திலாப்பியாத் தீவனத்திலும் பி12 சேர்ப்பதை நான் நிறுத்தமாட்டேன். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

#6 செவுள்

எதிர்ப்பாற்றலைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை என்பதால் அதை நான் எடுத்துக்கொள்கிறேன். நான் மீன் நோய் பார்க்கும் மருத்துவர்.

மீனின் குடலில் நம்முடையதைப் போன்ற நிணநீர் முடிச்சுகளோ திரண்ட நிணத் திட்டுகளோ கிடையாது. எதிர்ப்புச் செல்கள் உட்படலத்துக்கு இடையிலும் அடியிலும் சிதறிக் கிடக்கின்றன. வெகுகாலம் மீனின் குடலுக்குத் தனக்கென்று ஒரு எதிர்ப்பொருள் இல்லை என்றே எண்ணினார்கள். 2005-இல் ஐஜிடி என்ற புதிய வகை எதிர்ப்பொருளின் மரபணு ரெயின்போ டிரவுட்டிலும், அதற்கு இணையானது வரிக்குதிரை மீனிலும் கண்டறியப்பட்டன. 2010-இல் அதன் வேலையும் தெளிவாயிற்று: குடலைத் தாக்கும் ஒட்டுண்ணிக்கு எதிராக டிரவுட்டின் குடலில் ஐஜிடியும், இரத்தத்தில் ஐஜிஎம் என்ற மற்றோர் எதிர்ப்பொருளும் எழுந்தன. நம் விவாதத்துக்கு முக்கியமானது, நோயற்ற மீனின் குடல் பாக்டீரியாக்களின் மேற்பரப்பில் பெரும்பாலும் இந்த ஐஜிடிதான் படிந்திருந்தது என்பது. அதாவது, தன் குடலில் வாழும் பாக்டீரியாவை மீன் சும்மா விட்டுவைக்கவில்லை. ஓயாமல் மேலுறையிட்டுக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. பின்னர் செவுளில் ஐஜிடியைத் தற்காலிகமாக நீக்கிப் பார்த்தபோது, அங்குள்ள பாக்டீரியாவின் சமநிலை குலைந்து திசுவும் சேதமடைந்தது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கக் கால்வாய்க் கெளுத்திக்கு ஐஜிடியே கிடையாது. அது வேறு வழியில் சமாளிக்கிறது.

மறுதிசையில், பாக்டீரியா எதிர்ப்பாற்றலைப் பழக்குவதற்கும் சான்று இருக்கிறது. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் புறச்சுவரிலுள்ள எல்.பி.எஸ். என்ற பொருள் உடலுக்கு நஞ்சு. பாக்டீரியா குடியேறியதும், குடல் செல்கள் கார பாஸ்பட்டேஸ் என்ற நொதியைக் கூடுதலாக உற்பத்தி செய்து, அந்த நஞ்சை முறிக்கின்றன. 2007-இல் இந்த நொதியைக் குறைத்துப் பார்த்தபோது, வழக்கமான பாக்டீரியா இருக்கும் நிலையிலேயே வரிக்குதிரை மீன் குஞ்சின் குடலில் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் குவிந்தன. பாக்டீரியாவே இல்லாத குஞ்சிலோ அந்த நொதி குறைவாகவே இருக்கிறது. நஞ்சு வந்தால் தாங்கும் பக்குவம் அதற்கு இல்லை. எனவே பாக்டீரியா எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது என்று ஒற்றை வரியில் சொல்வது பாதிக் கதைதான். எப்போது பொறுத்துப் போக வேண்டும் என்பதையும் அதுவே கற்பிக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. புரோபயாட்டிக், அதாவது நன்மைக்காகக் கொடுக்கும் உயிருள்ள பாக்டீரியா பற்றிய ஆய்வுகள் பலவற்றில், பொடி கொடுத்த மீனில் பாக்டீரியாவின் சுவரைச் சிதைக்கும் லைசோசைம் நொதி கூடியது, வீக்கத்தைத் தூண்டும் மரபணு ஏறியது என்று எழுதிவிட்டு, எதிர்ப்பாற்றல் பெருகியது என்று முடித்துவிடுகிறார்கள். வீக்கம் ஏறினால் அது நன்மை என்று யார் சொன்னது? எதிர்ப்பாற்றலை இயக்குவதற்கு ஆற்றல் செலவாகிறது. அந்த ஆற்றல் வளர்ச்சிக்குப் போக வேண்டியது. நோய்க்கிருமியை உண்மையிலேயே செலுத்தி, எத்தனை மீன் பிழைத்தது என்று எண்ணிக் காட்டினால்தான் என் மனம் ஒப்பும்.

#7 மாணவி

செவுள் ஐயா, நல்ல பாக்டீரியா இடத்தைப் பிடித்துக்கொள்வதால் நோய்க்கிருமி உள்ளே வர முடியாது என்று எல்லா நூல்களிலும் படிக்கிறோமே, அது எப்படி நடக்கிறது என்பதையும் சற்று விளக்க முடியுமா?

#8 செவுள்

படிப்பதற்கு எளிமையாக இருப்பதைப் போல நடப்பது அவ்வளவு எளிமையாக இல்லை, அம்மா. 2016-இல் ஒளித்தகடு நுண்ணோக்கியைக் கொண்டு உயிருள்ள குஞ்சின் குடலை மணிக்கணக்கில் படமெடுத்தார்கள். ஏரோமோனாஸ் அடர்ந்த கட்டிகளாகத் திரண்டு குடலில் வாழ்ந்துகொண்டிருந்தது. பிறகு விடப்பட்ட வைப்ரியோ என்ற வேறொரு பாக்டீரியா, தனித்தனிச் செல்களாக வேகமாக நீந்தி, குடலின் முன்பகுதியில் தங்கியது. வைப்ரியோ வந்தபின், குடல் சுருங்கி விரியும் அசைவில் ஏரோமோனாஸ் கட்டிகள் கட்டிகளாகவே ஆசனவாய் வழியே தள்ளப்பட்டு, எண்ணிக்கை சட்டென்று சரிந்தது. குடல் நரம்புகள் சரியாக வளராத, அதனால் குடலசைவு குன்றிய மீன்களில் இதே சோதனையைச் செய்தபோது, இரண்டும் சேர்ந்து வாழ்ந்தன.

ஆகவே, போட்டியில் யார் வெல்கிறார் என்பதைப் பாக்டீரியாக்கள் மட்டும் முடிவு செய்வதில்லை. குடலின் அசைவும் முடிவு செய்கிறது. பட்டினி, வெப்பநிலை மாற்றம், பிடித்து இடம் மாற்றும்போது ஏற்படும் அழுத்தம் எல்லாமே குடலசைவை மாற்றக்கூடியவை. இடம் மாற்றிய சில நாட்களில் நோய் வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும். ஆனால் பண்ணை மீனில் அதை நிறுவியதாக நான் சொல்லவில்லை.

இடத்தைப் பிடிப்பது தவிர வேறு வழிகளும் உண்டு. சில பேசில்லஸ் வகைகள், நோய்க்கிருமிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் வேதிப்பொருளைச் சிதைத்துவிடும் நொதியைச் சுரக்கின்றன. கிருமி சாவதில்லை, ஆனால் கூட்டமாகத் திரண்டு தாக்கும் சைகை அதற்குக் கிடைப்பதில்லை.

#9 மாணவி

மிக்க நன்றி ஐயா. இந்த இழையில் ஆய்வு முடிவுகளை எடுத்துச் சொல்பவர்களும் படிப்பவர்களும் கவனிக்க வேண்டிய சிலவற்றை, ஆய்வகத்தில் இதே வேலையைச் செய்பவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

குடல் பாக்டீரியாவைக் கண்டறிய இப்போது பெரும்பாலும், பாக்டீரியாவின் வகையை அடையாளம் காட்டும் 16எஸ் என்ற மரபணுவைப் பெருக்கிப் படிக்கிறோம். தாவர மாவு கலந்த தீவனத்தைத் தின்ற மீனின் குடல் மாதிரியில், பசுங்கணிகத்தின் மரபணுத் துண்டுகளும் குவியலாக வந்துவிடுகின்றன; ஏனென்றால் பசுங்கணிகமும் ஆதியில் ஒரு பாக்டீரியாவாக இருந்ததுதான். அவற்றைக் கழித்த பிறகு, சில மாதிரிகளில் உண்மையான பாக்டீரியாவின் பங்கு மிகச் சிறிதாகச் சுருங்கிவிடும். இதற்கு மேல், தீவனத்தோடு வந்த செத்த பாக்டீரியாவின் டி.என்.ஏ.வும் அதே பட்டியலில் ஏறிவிடுகிறது. குடலின் உள்ளடக்கத்தை எடுத்துப் பார்த்தவர்களுக்கும், உள்ளடக்கத்தைக் கழுவி நீக்கிவிட்டுச் சளிப்படலத்தை மட்டும் சுரண்டிப் பார்த்தவர்களுக்கும் ஒரே மீனில் வெவ்வேறு விடை கிடைப்பதற்கு இதுவே காரணம். என்னைக் கேட்டால், மீனோடு உண்மையிலேயே உறவாடுவது சளிப்படலத்தில் ஒட்டியிருப்பவைதான்.

இன்னொரு சிக்கல், நமக்குக் கிடைப்பது விகிதம் என்பது. ஒரு வகை 20 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்தது என்றால், அது இரட்டிப்பானதாக இருக்கலாம். அது அப்படியே இருக்க, மற்றவை குறைந்ததாகவும் இருக்கலாம். மொத்த எண்ணிக்கையைத் தனியாக அளக்காத ஆய்வில் இதைப் பிரிக்க வழியில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது தொட்டிக் கணக்கு. ஒரு தொட்டியில் 30 மீன்கள் இருந்தால், மாதிரி எண்ணிக்கை 30 என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 30 மீன்களும் ஒரே நீரில் நீந்தி, ஒன்றின் கழிவை மற்றொன்று விழுங்கிக்கொண்டிருப்பவை. வரிக்குதிரை மீன்களைத் தனித்தனியாக வளர்த்தபோது, அவற்றின் பிறவி எதிர்ப்பாற்றலில் இருந்த மரபணு வேறுபாடு குடல் பாக்டீரியாவில் பிரதிபலித்தது. ஒன்றாகச் சேர்த்து வளர்த்தபோது, மீனுக்கு மீன் பாக்டீரியா பரவியதில் அந்த வேறுபாடே கரைந்துபோயிற்று. இது 2017-இல் வெளிவந்தது. அப்படியிருக்க, ஒரு தொட்டி என்பது ஒரு மாதிரிதான். குளக்கரை ஐயா முதலில் சொன்ன இரண்டு தொட்டி வேறுபாடும் புள்ளியியல் கண்ணுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற ஒப்பீடு மட்டுமே.

#10 குஞ்சுத்தொட்டி

நான் பொரிப்பகம் நடத்துகிறேன். வளர்ந்த மீனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்; என் அனுபவத்தில் எல்லாம் தீர்மானமாவது வாய் திறக்கும் நாட்களில்தான். பொரித்த குஞ்சுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கும் திறன் வருவதற்குப் பல வாரங்கள் ஆகின்றன. அதுவரை பிறவி எதிர்ப்பாற்றல் ஒன்றே துணை. கடல் மீன் குஞ்சு உணவெடுக்கத் தொடங்கும் முன்பே நீரைக் குடிக்கிறது; அதோடு பாக்டீரியா உள்ளே போகிறது. அதன் பிறகு நாம் உயிர்த்தீவனமாகக் கொடுக்கும் ரோட்டிஃபர், ஆர்டீமியா என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரிகள் தம் உடலில் வைப்ரியோவைச் சுமந்துகொண்டு போகின்றன. உயிர்த்தீவனத்தைக் கொழுப்பு ஏற்றி வளமூட்டும் அந்தச் சில மணி நேரத்தில், அதே கொழுப்பைத் தின்று பாக்டீரியாவும் பெருகிவிடுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதற்கு நாம் வழக்கமாகச் செய்வது கிருமி நீக்கம். புற ஊதா ஒளி, ஓசோன், குளோரின் என்று நீரைத் துப்புரவாக்கிவிட்டு, அதே நீரில் குஞ்சையும் தீவனத்தையும் விடுகிறோம். உழுது போட்ட வெற்று நிலத்தில் பயிருக்கு முன்னால் களை முளைப்பதைப் போல, போட்டியில்லாத அந்த நீரில் முதலில் பெருகுவது வேகமாக வளரும் வகைகளே. வைப்ரியோ போன்ற சந்தர்ப்பவாதக் கிருமிகள் பெரும்பாலும் அந்த வகைதான். 1990-களிலிருந்தே நார்வே ஆய்வாளர்கள் இதற்கு மாற்று ஒன்றைச் சொல்லிவருகிறார்கள். நீரைத் தூய்மை செய்தபின் உயிரிவடிகட்டி வழியாகச் சில காலம் ஓடவிட்டு, மெதுவாக வளரும் பாக்டீரியாக்கள் நிறைந்து சத்து முழுவதையும் பங்கிட்டுக்கொண்ட பிறகே குஞ்சுத் தொட்டிக்குத் தருவது என்பது அது. முதிர்ந்த நீர் என்று அதை அழைக்கிறார்கள். காட் போன்ற கடல் மீன்களில் அப்படிப்பட்ட நீரில் குஞ்சுகளின் பிழைப்பு மேம்பட்டிருக்கிறது. மறுசுழற்சி முறையில் இயங்கும் தொட்டிகளில் நுண்ணுயிர்க் கூட்டம் நிலையாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

குடலுக்குள் எதை அனுப்புவது என்று கேட்பதற்கு முன், குடலுக்கு வெளியே என்ன மிதக்கிறது என்று பாருங்கள் என்பதே என் கருத்து.

#11 நுண்ணோக்கி

குஞ்சுத்தொட்டி அவர்கள் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மீன் வளர வளர இந்தப் படம் மாறுகிறது. வரிக்குதிரை மீனின் ஆயுள் முழுவதும் தொடர்ந்து பார்த்தபோது, குஞ்சுப் பருவத்தில் குடலில் எவை குடியேறுகின்றன என்பதில் தற்செயலுக்குப் பெரும்பங்கு இருந்தது. வயது ஏற ஏற அந்தப் பங்கு குறைந்து, மீனின் தேர்வு வலுத்தது. வரிக்குதிரை மீனின் குடல் பாக்டீரியாவைக் கிருமியற்ற எலிக்கும், எலியினுடையதை மீனுக்கும் மாற்றிப் பார்த்த 2006 ஆய்விலும் இதே கருத்து வேறு வடிவில் வருகிறது: குடியேறிய வகைகள் கொடுத்தவரைச் சார்ந்திருந்தாலும், அவற்றின் விகிதம் பெற்றுக்கொண்ட விலங்கின் இயல்பான விகிதத்தை நோக்கி நகர்ந்தது. வளர்ந்த மீனின் குடல் வெற்றிடம் அல்ல. வெளியிலிருந்து கொண்டுபோய்க் கொட்டும் பாக்டீரியாவுக்கு அங்கே இடம் கிடைப்பது கடினம்.

#12 தீவனக்கூடம்

அதனால்தான் புரோபயாட்டிக்கை நிறுத்தியதும் சில நாட்களிலோ ஒரிரு வாரங்களிலோ அது குடலிலிருந்து மறைந்துவிடுகிறது. பலன் வேண்டுமானால் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதை விற்பவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

தொழில்நுட்பத் தடைகளும் உள்ளன. மிதவைத் தீவனம் தயாராகும் எந்திரத்தில் வெப்பநிலை 100 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. கூடவே அழுத்தமும் நீராவியும். லாக்டோபேசில்லஸ் அதில் தப்பாது. பேசில்லஸின் ஸ்போர்களில், அதாவது வெப்பம் தாங்கும் அதன் உறங்குநிலை வித்துகளில், ஒரு பகுதி தப்பும். சந்தையில் பேசில்லஸ் நிறைந்திருப்பதற்கு அதன் தரத்தைவிட இந்தத் தாங்கும் திறனே பெரிய காரணம் என்பது என் எண்ணம். மற்ற வகைகளை, தீவனம் ஆறியபின் எண்ணெயோடு சேர்த்து மேற்பூச்சாகத்தான் கொடுக்க முடியும். அதற்குப் பிறகு இரைப்பை இருக்கிறது. திலாப்பியாவின் இரைப்பையில் பி.ஹெச். 1.5 வரைகூட இறங்குகிறது. அந்த அமிலத்தைக் கொண்டுதான் அது நீலப்பசும்பாசியின் செல்சுவரை உடைக்கிறது. கெண்டைக்கோ இரைப்பையே கிடையாது. ஒரே பொடியை இரண்டுக்கும் ஒரே அளவில் பரிந்துரைக்கும் சிட்டையைப் பார்த்தால், எழுதியவர் மீனைத் திறந்து பார்த்தவரா என்ற ஐயம் எனக்கு வரும்.

இவ்வளவும் சொன்னாலும், புரோபயாட்டிக் வீண் என்று நான் தள்ளவில்லை. பீடியோகாக்கஸ் ஆசிடிலாக்டிசி வகை ஒன்றுக்குச் சால்மன் வகை மீன்களுக்கான தீவனத்தில் ஐரோப்பிய ஒன்றியம் முறையாக ஒப்புதல் தந்திருக்கிறது; முதுகெலும்புக் கோணல் உள்ள மீன்களின் விழுக்காடு குறைந்தது என்பது அதற்காகக் காட்டப்பட்ட பலன்களில் ஒன்று. இப்படிக் குறிப்பிட்ட வகைக்கும் குறிப்பிட்ட மீனுக்கும் குறிப்பிட்ட பலனுக்கும் சான்று காட்டினால் ஏற்கலாம். எல்லா மீனுக்கும் எல்லா நோய்க்கும் என்றால் எனக்கு வேண்டாம்.

#13 செவுள்

ஆன்டிபயாட்டிக்கையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வாய்வழி கொடுக்கும் ஆக்சிடெட்ராசைக்ளின் மீனின் குடலில் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது; கடல்நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் அதைப் பிணைத்துக்கொள்வதால் கடல் மீனில் இன்னும் குறைவு. எஞ்சியது முழுவதும் குடல் வழியே பயணம் செய்து நீரில் கலக்கிறது. வழியில் குடல் பாக்டீரியாவின் வகைமை சுருங்குகிறது. சால்மனில் நடந்த ஓர் ஆய்வில், மருந்துக்குப் பின் ஏரோமோனாஸ் வகைகளே எஞ்சின, அவற்றுள் மருந்தை எதிர்க்கும் மரபணு உடையவையும் இருந்தன. சிகிச்சை முடிந்த அடுத்த சில வாரங்கள் மீன் மிகவும் நலிந்த நிலையில் இருக்கிறது என்று கருதி, அந்தக் காலத்தில் இடமாற்றம், தரம் பிரித்தல், தீவன மாற்றம் எதையும் செய்ய வேண்டாம் என்றே நான் அறிவுறுத்துகிறேன். புரோபயாட்டிக் கொடுக்க நியாயமான தருணம் ஒன்று உண்டென்றால், என் கணிப்பில் அதுவும் இதுதான்; அப்போதுதான் குடலில் காலியிடம் இருக்கிறது.

#14 குளக்கரை

எல்லோருக்கும் மிக்க நன்றி. கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. என்னிடம் ஒரே அளவுள்ள சிறு தொட்டிகள் பன்னிரண்டு இருக்கின்றன. பேசில்லஸ் மேற்பூச்சை முறையாகச் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன். எப்படிப் பிரிப்பது?

#15 மாணவி

ஐயா, பன்னிரண்டு இருந்தால் மூன்று பிரிவாக, பிரிவுக்கு நான்கு தொட்டி என்று வையுங்கள். ஒன்றுக்கு வெறும் தீவனம். ஒன்றுக்கு உயிருள்ள பேசில்லஸ். மூன்றாவதற்கு அதே பேசில்லஸை அழுத்தக் கொதிகலத்தில் வைத்துக் கொன்று, அதே அளவில். வெறும் கொதிநீரில் ஸ்போர் சாகாது என்பதால் அழுத்தம் கட்டாயம். செத்த பாக்டீரியாவும் உயிருள்ளதும் ஒரே பலனைத் தந்தால், நீங்கள் பார்த்தது குடியேற்றத்தின் விளைவு அன்று. செல்சுவர் எதிர்ப்பாற்றலைத் தூண்டியதாகவோ கூடுதல் சத்தாகவோ இருக்கலாம். எந்தத் தொட்டிக்கு எந்தப் பிரிவு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். வெயில் படும் பக்கம் முழுவதும் ஒரே பிரிவுக்குப் போய்விடக் கூடாது. தொட்டிகளுக்கிடையே நீர் கலந்தாலோ வலையைப் பொதுவாகப் பயன்படுத்தினாலோ சோதனை முடிந்தது. எடையைத் தொட்டிச் சராசரியாகவே கணக்கிடுங்கள். தீவனம் எவ்வளவு போட்டீர்கள் என்பதோடு, தின்னாமல் எஞ்சியதையும் எடுத்து எடைபோட்டால்தான் தீவன மாற்று விகிதம், அதாவது எடை ஒரு கிலோ கூட எத்தனை கிலோ தீவனம் ஆயிற்று என்ற கணக்கு, பொருளுள்ளதாக இருக்கும்.

#16 குளக்கரை

ஒரு ஐயம். பேசில்லஸை எண்ணெயில் குழைத்துத்தான் தீவனத்தில் பூசப்போகிறேன். வெறும் தீவனப் பிரிவுக்கும் எண்ணெய் பூச வேண்டுமா?

#17 தீவனக்கூடம்

கட்டாயம் பூச வேண்டும். அதே எண்ணெய், அதே அளவு, அதே நாளில். எண்ணெய் கூடினாலே ஆற்றல் கூடி எடை ஏறும். பிறகு அந்தப் பெருமை பேசில்லஸுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பூசிய தீவனத்தைக் குளிரில் வைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்துத் தட்டில் வளர்த்து, ஸ்போர் எண்ணிக்கை சிட்டையில் போட்டபடி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.